தீபிகாவைக் கூப்பிட வந்தவன்

என் அக்கா மகளை எனக்கு அடையாளம் தெரியாது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு நான் நடுத்தெருவில் அறை வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் எந்தத் தாய்மாமன் வாயில் அந்த வார்த்தை வரும்? நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் கௌதம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அக்கா சுதாவும் மாமா கஜபதியும் வானகரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே பெண், தீபிகா. கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது. என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடுங்கிச் சுவர் முழுக்கக் கிறுக்கிவிட்டு, கிறுக்கியது நான்தான் என்று அக்காவிடம் கைகாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. வீடியோ காலில் கூப்பிட்டால் உச்சந்தலையை மட்டும் காட்டிவிட்டு ஓடிவிடுவாள்.

இந்த மே மாதம் திருவேற்காட்டில் அவளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். அம்மனுக்கு அக்கா வேண்டிக்கொண்டது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் அதைச் செய்வார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. "காது குத்துறதுக்கெல்லாமா லீவு?" என்று சூப்பர்வைசர் சிரித்தான். அவன் சிரித்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? கடைசியில் மாமாவோடு வேலை செய்யும் ஒருவர் மடி கொடுத்தாராம். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு போட்டோகூட அனுப்பவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் அன்று நேரில் போய்க் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிடலாம் என்று மாமாவிடம் போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குழந்தை யு.கே.ஜி. போகிறாள், முதல் நாள் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு போனால் அக்காவுக்கும் மனசு இளகும் என்று கணக்கு. பஸ் பூந்தமல்லியில் மாட்டிக்கொண்டது. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபிகாவை மாமா பைக்கில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே ஆவடிக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்கா சாப்பாட்டுப் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? சோறு மூடி வெச்சுகீறேன். தின்னுட்டு தூங்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாப்பாவைக் கூப்பிட நான் போகட்டுமாக்கா?"

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். சாயங்காலம் பர்மிஷன் போட்டுகினு நானே வருவேன். பாப்பாவோட ஸ்கூல் கார்டு காலண்டர் ஆணியில மாட்டிகீது, அதத் தொடாத."

இவ்வளவுதான் பேச்சு. ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் சாப்பிட்டேன். கோபத்தில் இருந்தாலும் எனக்குப் பிடித்த கத்தரிக்காய் காரக்குழம்புதான் வைத்திருந்தாள். அதில் கொஞ்சம் தைரியம் வந்து, ஃபேனுக்கு அடியில் படுத்துவிட்டேன்.

கதவைத் தட்டி எழுப்பியது கீழ்வீட்டு ஜெகதாம்பாள் அக்கா. அவருடைய மகன் அதே பள்ளியில் நாலாவது படிக்கிறான்.

"இன்னாப்பா தூங்கிகினு கீற? இன்னிக்கு அரை நாளாம். பன்னெண்டரைக்கு வுட்டுருவாங்களாம். இப்பதான் குரூப்புல போட்டுகீறாங்க. எம் புள்ள வேன்ல வந்துருவான். உங்க பாப்பாவுக்குத்தான் வேன் கெடையாதே?"

முதல் நாள் அரை நாள்தான் என்பதை முதல் நாள் காலையில் சொல்கிற பள்ளிக்கூடத்தை என்னவென்று திட்டுவது? அக்காவுக்குப் போன் போட்டேன். அணைந்திருந்தது. அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறாள். உள்ளே போகும்போது போனை அணைத்து லாக்கரில் போட்டுவிட வேண்டும். மாமாவுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வேலை செய்வது ராணுவத் தளவாடத் தொழிற்சாலை. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று பள்ளியில் இரண்டு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் இரண்டையும் எடுக்க ஆள் கிடையாது. இது ஒரு குடும்பம்!

"கார்டு எடுத்துகினு போப்பா. கார்டு இல்லாம அந்த ஆத்தாளே வந்து நின்னாலும் வுட மாட்டாங்க" என்றார் ஜெகதாம்பாள் அக்கா. புள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அந்தப் பக்கத்து போன்களில் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்ததாம். யார் பேசியது, எந்த ஊரில் நடந்தது, ஒன்றும் யாருக்கும் தெரியாது. அதனால் பள்ளியில் இந்த வருஷம் புதுச் சட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு, அதில் பிள்ளையின் போட்டோ. கார்டைக் கொண்டுவருகிறவரிடம் மட்டும்தான் பிள்ளையை அனுப்புவார்கள். கார்டு வைத்திருப்பவரோடு மட்டும்தான் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்களாம். நல்ல ஏற்பாடுதான் என்று அப்போது எனக்கும் தோன்றியது.

ஆணியிலிருந்து கார்டை எடுத்தேன். இரட்டை ஜடையும் ரிப்பனுமாக ஒரு குழந்தை முறைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் சேர்க்கும்போது எடுத்த போட்டோ. ஜெகதாம்பாள் அக்கா வீட்டு ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு, திருவேற்காடு போகிற வழியில் இருந்த பள்ளிக்குப் பறந்தேன்.

அங்கே கேட்டில் திருவிழாக் கூட்டம். அரை நாள் என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். கார்டை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒருத்தர், "எம் புள்ளைய எனக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீ யாருய்யா?" என்று வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். என் கையில் கார்டு இருந்ததால் எனக்கு ராஜமரியாதை. பஞ்சவர்ணம் என்ற ஆயாம்மா என்னை யு.கே.ஜி. வகுப்புக்குக் கூட்டிப்போனார்.

கதவைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. மே மாதம் முழுக்க வேண்டுதல் தீர்த்துவிட்டு வந்த பிள்ளைகள். பாதிப் பிள்ளைகளின் தலையில் முடியில்லை. சந்தனம் பூசிய மொட்டை, அரிசி அரிசியாக முடி முளைத்த மொட்டை, தொப்பி போட்ட மொட்டை. எல்லாம் ஒரே நீலச் சட்டை, எல்லாம் ஒரு அளவு பெரியதாக, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வாங்கியது. பாதி அழுதது, மீதி அழுகிறதைப் பார்த்து அழுதது. பெயர் எழுதிய கழுத்து அட்டை அடுத்த வாரம்தான் வருமாம்.

ஆயாம்மா கார்டை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இன்னா சார் இது, ரெட்டை ஜடை போட்டுகினு கீது? இங்க ஜடையே இல்லியே!"

"மொட்டை அடிச்சுட்டாங்க. போன மாசம்" என்றேன்.

"எல்லாந்தான் அடிச்சுகினு கீது."

டீச்சர் சின்னப் பெண். அவளுக்கும் அதுதான் முதல் நாள் போலிருக்கிறது, அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. "தீபிகா, தீபிகா யாரும்மா?" என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. மொட்டைகளில் பெண் பிள்ளைகளைப் பிரித்து, அதில் காது குத்தியவர்களைப் பிரித்து, கடைசியில் இரண்டு பேரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். ஒருத்தி வாட்டர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து பையை மாட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இதுதானே சார் உங்க பொண்ணு?" என்றாள் டீச்சர்.

மூக்கு அக்காவின் மூக்கு மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? சொந்த அக்கா மகளைத் தெரியாதவன் என்று டீச்சர் சிரிப்பாள், ஆயாம்மா கேட்டில் போய்ச் சொல்வார், சாயங்காலத்துக்குள் அது அக்காவின் காதுக்குப் போகும். அதைவிட, புள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துவிட்டால்? குழந்தையே எழுந்து வந்துவிட்டதே, அது பொய் சொல்லுமா?

"இதேதான்" என்றேன். "அக்கா மூக்கு அப்படியே."

ஸ்கூட்டியின் முன்னால் அவளை நிற்க வைத்துக் கிளம்பினேன். மொட்டைத் தலையில் வெயில் படாமல் என் கைக்குட்டையைக் கட்டிவிட்டேன். மனசு அப்படியே குளிர்ந்துபோனது. பார், அக்கா, நீ தொடாதே என்று சொன்ன கார்டுதான் உன் பெண்ணைக் காப்பாற்றியது என்று சாயங்காலம் சொல்ல வேண்டிய வசனத்தை எல்லாம் தயார் செய்தேன்.

"மாமாவைத் தெரியுதா குட்டி?"

"தெரியாது."

சுருக்கென்று இருந்தது. ஆனால் நியாயம்தானே. "அப்புறம் எப்படி எங்கூட வந்தே?"

"கார்டு வச்சிருக்கிறவங்க கூட போணும்னு மிஸ்ஸு சொன்னாங்க."

"சமத்து" என்றேன். கடையில் நிறுத்தி ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சப்பிக்கொண்டே, வானகரம் பக்கம் நான் திரும்பியதும், "இப்டி இல்ல. எங்க ஊடு அப்டி" என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. ஏனென்றால் அக்கா ஏப்ரல் வரை கோலடிப் பக்கம்தான் குடியிருந்தாள், அப்புறம்தான் வானகரத்துக்கு மாறினாள். குழந்தைக்குப் பழைய வீட்டு ஞாபகம் என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். புது வீடு மாடியில் இருக்கிறதே, ஜெகதாம்பாள் அக்கா வீட்டுக்கு மேலே, என்று எடுத்துச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "மாடி இல்ல. கீழ. நீல கேட்டு." அப்புறம் ஓவென்று அழுகை. ஐஸ் உருகி என் பேண்டில் வடிந்தது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அழுகிற பெண் குழந்தையோடு அறியாத ஊரில் ஸ்கூட்டியில் நிற்கிறவனுக்குத்தான் அந்தப் பார்வை புரியும்.

சரி, பழைய வீட்டை ஒருமுறை காட்டிவிட்டுப் போனால் அடங்கிவிடுவாள் என்று கோலடிக்கு விட்டேன். அவள் வலது, இடது என்று சொல்லச் சொல்லத் திரும்பினேன். பழைய வீடு எனக்கு ஞாபகம் இருந்தது, ஒரு அரிசி ஆலைக்குப் பக்கத்தில். ஆலையே வரவில்லை. இடித்துவிட்டார்களோ, இந்தப் பக்கம்தான் நாளுக்கொரு கட்டடம் முளைக்கிறதே என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நீலக் கேட்டு ஒன்று வந்தது. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தாள். பக்கெட் கீழே விழுந்தது.

"காவ்யா! யார்ரா நீ? எம் புள்ளைய எங்கடா இட்டுகினு போற?"

காவ்யாவா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த அம்மாவுக்குத்தான் ஏதோ குழப்பம் என்று நினைத்தேன், சத்தியமாக. "இல்லங்க, இது எங்க அக்கா பொண்ணு" என்று நிதானமாகவே சொன்னேன். அந்தப் பெண், பெயர் நிஷா என்று பிறகு தெரிந்தது, குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அலறினாள். தெருவில் அத்தனை கதவும் திறந்தன. வேலை நாளில் இத்தனை ஆண்கள் வீட்டில் என்னதான் செய்துகொண்டிருந்தார்களோ!

பால்ராஜ் என்ற ஆட்டோக்காரர் முதலில் வந்து ஸ்கூட்டிச் சாவியைப் பிடுங்கினார். "எவண்டா நீ? எந்த ஊரு?"

"ஓசூர்" என்று உளறிவிட்டேன். வானகரம் என்று சொல்லியிருக்கலாம்.

"ஓசூர்லேர்ந்து வந்துகீறான்டா! வாய்ஸு மெசேஜுல சொன்னாங்க இல்ல, பார்டர்லேர்ந்து வர்றானுங்கன்னு!"

"அண்ணாத்தே, ஸ்கூல்ல குடுத்தாங்க. கார்டு இருக்கு, பாருங்க" என்று கார்டை நீட்டினேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. கார்டில் இரட்டை ஜடையோடு வேறொரு குழந்தை முறைத்துக்கொண்டிருந்தது. தீபிகா என்று பெயர். இடுப்பில் இருந்ததோ காவ்யா.

"இது எந்தப் புள்ளடா? இதையும் தூக்கிட்டியா?"

"ஐயோ, இது எங்க அக்கா பொண்ணு!"

"அப்ப இது?"

"இதுவும்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"உங்க அக்காளுக்குப் போனப் போடு" என்றார் பால்ராஜ். போட்டேன். அணைந்திருக்கிறது என்று அந்தப் பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னது. ஸ்பீக்கரில் தெருவே கேட்டது. "மச்சானுக்குப் போடு." அடித்துக்கொண்டே இருந்தது. "யாருமே எடுக்க மாட்றாங்க, இன்னா நாடகம் ஆடிகினு கீறியா?" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு அறை விட்டார்கள். காது கொய்யென்றது. இன்னொருவன் சட்டையைப் பிடித்தான், பித்தான் தெறித்தது. வீடியோ எடுக்க ஒரு போன் உயர்ந்தது.

அப்போதுதான், அந்த அறையில்தான், எனக்கு விஷயம் பிடிபட்டது. இது காவ்யா என்றால் தீபிகா எங்கே? அழுதுகொண்டிருந்த அந்த இன்னொரு மொட்டை! நான் பாதுகாப்பாகக் கூட்டிக்கொண்டு போக வந்தவளை விட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி வேறு எவனாவது, வேறு எந்தக் கார்டையாவது காட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? மூக்கு அப்படியே இருக்கிறது என்று சொன்னால் போதுமே, அந்த டீச்சர் கொடுத்துவிடுவாளே. எனக்குக் கொடுத்தாளே!

"அடிங்க! எவ்ளோ வேணும்னாலும் அடிங்க! எங்க தீபிகா எங்கன்னு மட்டும் சொல்லுங்க!" என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை, பயமாக இருந்தது. அந்த மாதிரிப் பயம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

கூட்டம் குழம்பியது. புள்ளை பிடிக்கிறவன் புள்ளையைக் காணோம் என்று அழுவதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. "இன்னாடா சொல்றான் இவன்?" என்றார் பால்ராஜ்.

இடுப்பிலிருந்த காவ்யா ஐஸ் குச்சியை வாயிலிருந்து எடுத்தாள். "தீபிகா அங்க கீறா. அழுதுகினே கீறா. எம் பக்கத்துல குந்திகினு இருந்தா."

நிஷா அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். "நீ ஏண்டி இந்த ஆளு கூட வந்தே?"

"அவருகிட்ட கார்டு இருந்திச்சும்மா."

நிஷாவின் கார்டு வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அரை நாள் என்று அவளுக்கும் தெரியாது. மூன்றரை மணிக்குத்தான் கிளம்பலாம் என்று இருந்திருக்கிறாள். "எங்கிட்ட கார்டு இருக்கறப்போ எம் புள்ளைய எப்டி வெளிய வுட்டாங்க?" என்று என்னைக் கேட்டாள், பால்ராஜைக் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள்.

எல்லோரையும் பால்ராஜ் ஆட்டோவில் ஏற்றினார். நிஷா, காவ்யா, எனக்கு இரண்டு பக்கமும் காவலுக்கு இரண்டு பேர். நான் ஓடிவிடுவேனாம். வழியெல்லாம் நான் கும்பிட்டது அம்மனைத்தான். அவளுக்கு வேண்டிக்கொண்டு அடித்த மொட்டையால் வந்த வினை, அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சண்டை போட்டபடி கும்பிட்டேன்.

பள்ளியில் கூட்டம் கலைந்திருந்தது. கேட்டு பூட்டியிருந்தது. பால்ராஜ் தட்டிய தட்டில் வாட்ச்மேன் ஓடிவந்தார். ஆட்டோ நிற்பதற்குள் நான் குதித்துவிட்டேன்.

வராண்டாவில், தூணைக் கட்டிக்கொண்டு, வாட்டர் பாட்டிலோடு அந்தக் குழந்தை நின்றிருந்தாள். பக்கத்தில் பஞ்சவர்ணம் ஆயாம்மா. அழுகை நின்று விக்கல் மட்டும் மீதி இருந்தது. முதல்முறையாக முகத்தை முழுசாகப் பார்த்தேன். கண்ணை இடுக்கி முறைத்தாள். கார்டில் இருந்த அதே முறைப்பு. சுவரில் கிறுக்கிவிட்டு என்னைக் கைகாட்டிய அதே பிள்ளை. இந்த முறைப்பை எப்படித் தவறவிட்டேன்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நிஷா ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் போய்ப் போட்ட சத்தம் தெருவரை கேட்டது. அந்த அம்மா வியர்த்துப்போய் வெளியே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்டார். அப்புறம் எப்படியாவது எல்லாவற்றையும் முடித்து எங்களை வெளியே அனுப்ப வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"இதுதானே தீபிகா? சார்கிட்ட கார்டு இருக்கில்ல? கூட்டிட்டுப் போங்க சார். ஆயாம்மா, அனுப்புங்க."

எனக்கு வந்ததே கோபம்! "மேடம், இப்பதான் ஒரு பிள்ளையைத் தப்பாத் தூக்கிட்டுப் போனேன். என் சட்டையைப் பாருங்க, கன்னத்தைப் பாருங்க. நான் யாருன்னு இன்னும் உங்களுக்குத் தெரியாது. மறுபடியும் எங்கிட்டயே ஒரு பிள்ளையைக் குடுக்கறீங்களே!"

"கார்டு சரியா இருக்கே சார்" என்றார் அவர், பாவம், உண்மையாகவே புரியாமல்.

ஆயாம்மா தீபிகாவின் கையைத் தூணிலிருந்து பிரிக்கப் பார்த்தார். "போ கண்ணு. உங்க மாமா வந்துகீறாரு பாரு. கார்டு கீது பாரு. காலைல மிஸ்ஸு சொன்னாங்க இல்ல?"

தீபிகா தூணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "மாட்டேன். அம்மா வந்தாத்தான்."

"அடம் புடிக்கக் கூடாது."

"மாட்டேன்!"

என் அக்கா மகள், என்னைப் பார்த்து வர மாட்டேன் என்கிறாள். ஓசூரிலிருந்து இதற்காகத்தான் வந்தேன். ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று, அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும்போல் குதித்தது. ஆயாம்மாவின் கையை விலக்கிவிட்டேன்.

"வுடுங்க ஆயாம்மா. வர வேணாம். பாப்பா, நீ வராதே. அம்மா வர்ற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் போகாதே. நான் கூப்பிட்டாலும் வராதே. நான் கேட்டுக்கு வெளிய உட்கார்ந்திருக்கேன், சரியா?"

அவள் முறைத்தாள்.

நான் வெளியே போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். நிஷா போகும்போது என் பக்கம் திரும்பாமல் போனாள். காவ்யா மட்டும் டாட்டா காட்டினாள். பால்ராஜ் சாவியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு சோடாவும் வாங்கிக் கொடுத்தார். "தப்பா நெனச்சுக்காத நைனா. புள்ளைங்க விஷயம். வண்டி எங்க தெருவுலதான் கீது, அப்பால வந்து எடுத்துக்க" என்றார். அடித்தது யார் என்று கேட்டேன், தெரியாது என்று சொல்லிவிட்டார். உள்ளே ஆயாம்மா தயிர்சோறு ஊட்டுவது கேட்டு வழியாகத் தெரிந்தது. நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவளும் நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். பயந்து பார்க்கிறாளா, துணைக்குப் பார்க்கிறாளா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போனை எடுத்து, நான் கூப்பிட்டதையும் குரூப்பில் அரை நாள் என்று போட்டிருந்ததையும் பார்த்திருப்பாள் போல. ஆட்டோவில் வந்து இறங்கினாள், தலை கலைந்து, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டே. என் கிழிந்த சட்டையையும் வீங்கிய கன்னத்தையும் பார்த்தாள். "இன்னாடா ஆச்சு? பாப்பா எங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினாள். நானும் பின்னால் போனேன். தீபிகா தூணை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அந்த ஆளு என்னைக் கூப்டாரு. நான் போவல" என்றாள் பெருமையாக, என்னைக் கைகாட்டி.

ஆயாம்மாவும் ஹெட்மிஸ்ட்ரஸும் ஆளுக்கொரு பக்கமாக நடந்ததைச் சொன்னார்கள். அக்காவுக்குப் பாதி புரிந்தது. கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, தன் மேல் தப்பில்லை என்று காட்டிக்கொள்ளத்தானோ என்னவோ, குனிந்து தீபிகாவைக் கேட்டார். "கார்டு வச்சிருந்தாரே கண்ணு? கார்டு வச்சிருக்கிறவங்க கூட போகணும்னு காலையில சொன்னோமே, நீ ஏன் போகல?"

தீபிகா என் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் எல்லோரையும் பார்த்தாள், இது கூடவா தெரியாது என்பதுபோல.

"அதுல என் படந்தானே கீது? அவரு படம் இல்லியே."

ஹெட்மிஸ்ட்ரஸ் என் கையிலிருந்து கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.